ஸ்பெக்ட்ரம் கேசட்டுகளில் கிடக்கும் நிரல்கள்

பழைய கணினிக்காக எழுதப்பட்ட ஒரு நிரல் இன்றைய எமுலேட்டரில் (பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளில்) ஓடத் தொடங்கியதும் வேலை முடிந்துவிட்டதாகக் கருதும் வழக்கம் பரவலாக இருக்கிறது. நான் அப்படி நினைப்பதில்லை. நாடாவில் உண்மையில் இருந்த பைட்கள் எவை, நாம் ஊகித்து நிரப்பியவை எவை, நாமே மாற்றியவை எவை என்று பெறுபவருக்குச் சொல்ல முடியாத வரையில், நம் கையில் இருப்பது ஓடுகிற ஒரு பிரதி மட்டுமே. இந்தப் பதிவு முழுவதும் அந்த வேறுபாட்டைப் பற்றியதுதான். எடுத்துக்காட்டுகளுக்கு எனக்கு மிகவும் பழக்கமான இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியையே எடுத்துக்கொள்கிறேன்.

1982 ஏப்ரலில் பிரிட்டனின் சின்க்ளேர் ரிசர்ச் நிறுவனம் அறிமுகப்படுத்திய இந்தக் கணினியில் 3.5 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும் இசட்80 செயலியும், 16 அல்லது 48 கிலோபைட் நினைவகமும், ரப்பர் விசைகள் நாற்பதும் இருந்தன. வட்டு கிடையாது. எழுதிய நிரலைக் காப்பாற்றி வைக்க விரும்பியவர், பாட்டுக் கேட்கும் அதே டேப் ரெக்கார்டரைக் கம்பியால் இணைத்து, அதே கேசட்டில் ஒலியாகப் பதிவு செய்துகொண்டார். கடைகளில் விற்ற விளையாட்டுகள் ஆயிரக்கணக்கில் படியெடுக்கப்பட்டவை என்பதால் அவற்றுள் பெரும்பாலானவை எப்போதோ மீட்கப்பட்டுவிட்டன; ஒருவர் கேசட் பழுதானால் இன்னொருவருடையது கைகொடுக்கும். பள்ளி மாணவர் எழுதிய கால்பந்து அட்டவணையோ, ஓர் ஆசிரியர் பின்னங்கள் கற்பிக்க எழுதிய பயிற்சியோ, இதழில் அச்சான வரிகளைத் தட்டச்சு செய்து தன் விருப்பப்படி நீட்டிக்கொண்ட ஒருவரின் விளையாட்டோ உலகில் ஒரே ஒரு கேசட்டில் மட்டும் இருக்கக்கூடும். என் நேரத்தை நான் செலவிடுவது இந்த இரண்டாம் வகைக்குத்தான்.

நாடாவில் இருக்கும் ஒலியின் அமைப்பு மிக எளிமையானது. அந்த எளிமையே பின்னாளில் நம்மைக் காப்பாற்றுகிறது. ஒவ்வொரு தொகுதிக்கு முன்னும் ஏறத்தாழ 807 ஹெர்ட்ஸில் ஒரு நீண்ட முன்னொலி வரும். தலைப்புத் தொகுதிக்கு அது ஐந்து விநாடியளவு, தரவுத் தொகுதிக்கு இரண்டு விநாடியளவு. அதன் பிறகு இரண்டு குறுகிய ஒத்திசைவுத் துடிப்புகள், அதையடுத்துப் பிட்கள், அதாவது பூஜ்யமோ ஒன்றோ ஆன இலக்கங்கள்; எட்டுப் பிட் சேர்ந்தால் ஒரு பைட். பிட்டின் மதிப்பு பூஜ்யமானால் செயலியின் 855 கடிகாரச் சுற்று நீளமுள்ள இரண்டு துடிப்புகள், ஒன்றானால் 1710 சுற்று நீளமுள்ள இரண்டு துடிப்புகள். அதாவது ஒன்றின் அலை பூஜ்யத்தின் அலையைப் போல் சரியாக இரண்டு மடங்கு நீளம். தலைப்புத் தொகுதியில் 17 பைட் தகவல் இருக்கும்: வகைக்கு ஒன்று, பெயருக்குப் பத்து, நீளத்துக்கு இரண்டு, மேலும் இரண்டு அளபுருக்களுக்கு இரண்டிரண்டு. நிரல் என்பது ஒலியாகவே இருந்த காலம் அது என்பதால், நெதர்லாந்தின் என்.ஓ.எஸ். ஒலிபரப்பு நிறுவனம் பல வகைக் கணினிகளுக்கும் பொதுவான பேசிக்கோட் என்ற வடிவத்தில் வானொலி வழியாகவே நிரல்களை ஒலிபரப்பியது. நேயர்கள் அதை அப்படியே கேசட்டில் பிடித்துக்கொண்டார்கள்.

கேசட்டைக் கணினிக்குள் கொண்டுவரும் வேலையில் பொறுமையைவிட முக்கியமானது டேப் ரெக்கார்டரில் நாடாவைப் படிக்கும் ஹெட் நிற்கும் கோணம். பதிவு செய்த கருவியின் ஹெட் சற்றுச் சாய்ந்திருந்தால், நேராக நிற்கும் இன்னொரு கருவியில் அந்த நாடா மங்கலாகத்தான் ஒலிக்கும். ஹெட்டுக்குப் பக்கத்தில் உள்ள சிறிய திருகை மிக மெதுவாகத் திருப்பிக்கொண்டே கேட்டால், ஓர் இடத்தில் ஒலி கூர்மையடைவதைக் காது தெளிவாக உணரும்; அங்கே நிறுத்த வேண்டும். கேசட் மாறினால் கோணமும் மாறும் என்பதை மறக்கக்கூடாது. இரைச்சல் குறைப்பு வசதிகள் அனைத்தும் அணைக்கப்பட்டிருக்க வேண்டும். ஸ்டீரியோவாகப் பதிவு செய்துவிட்டு இரண்டு பக்கத்தையும் கலந்து ஒன்றாக்குவது பலரும் செய்யும் காரியம். கோணம் சற்றுப் பிசகியிருந்தாலும் இரு பக்க ஒலியும் ஒன்றுக்கொன்று சில நுண்விநாடிகள் தள்ளி வருவதால், கலக்கும்போது அலைகளின் விளிம்புகள் ஒன்றையொன்று அரித்துவிடும். இரண்டில் தெளிவான ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வதே நல்லது. பெல்ட் தளர்ந்த கருவி, அழுக்கேறிய ரப்பர் உருளை ஆகியவற்றைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம் என்பதால் நான் விட்டுவிடுகிறேன்.

இப்படிக் கிடைக்கும் முதல் ஒலிப்பதிவை, அமுக்கப்படாத வடிவில், எந்தத் திருத்தமும் செய்யாமல் நிரந்தரமாக வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எமுலேட்டர் படிக்கும் டி.ஏ.பி. கோப்பு கிடைத்துவிட்டதே, இனி ஒலி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. டி.ஏ.பி. வடிவம் பைட்களை மட்டுமே வைத்துக்கொள்கிறது. துடிப்புகளின் நீளம், இடைவெளிகள் எல்லாம் அதில் போய்விடுகின்றன. டி.இசட்.எக்ஸ். வடிவம் துடிப்பின் நீளங்களையும் குறிக்கவல்லது. படியெடுப்பதைத் தடுக்கத் தனி ஏற்றிகளை (நாடாவிலிருந்து நினைவகத்துக்கு நிரலைக் கொண்டுவரும் சிறு நிரல்களை) பயன்படுத்திய வணிக விளையாட்டுகளுக்கு அது இன்றியமையாதது. இருந்தும் அதுவும் ஒருவர் செய்த விளக்கமே. நிரலுக்கு முன்னால் எழுதியவரின் குரல், "இது இரண்டாவது பிரதி" என்று சொல்வது, எந்தக் கோப்பு வடிவத்துக்குள்ளும் போகாது.

இரண்டாவது பிரதி என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வீட்டில் எழுதியவர்களில் அனுபவப்பட்டவர்கள் ஒரே நிரலை அடுத்தடுத்து இருமுறை பதிவு செய்துவைப்பார்கள். முதல் பிரதியில் ஏற்பட்ட பழுது அதே இடத்தில் இரண்டாவதிலும் இருப்பது அரிது. ஆகவே ஒரு நிரல் கிடைத்துவிட்டதே என்று ஒலிப்பதிவைப் பாதியில் நிறுத்தாமல், கேசட்டின் இரு பக்கத்தையும் கடைசி வரை ஓடவிடுவது நல்லது. அழித்து மேலெழுதிய நிரலின் வால் பகுதி, புதிய நிரல் முடிந்த இடத்துக்கு அப்பால் எஞ்சியிருப்பதும் உண்டு.

ஒரே பிரதிதான் இருக்கிறது, அதுவும் பழுது என்னும்போதுதான் வேலை சுவையாகிறது. ஒவ்வொரு தொகுதியின் கடைசியிலும், பிழையின்றிப் படித்தோமா என்று சரிபார்க்க உதவும் ஒரு செக்சம் பைட் இருக்கும். தொகுதியின் பைட்கள் அனைத்தையும், இந்தக் கடைசி பைட் உட்பட, ஒன்றோடொன்று எக்ஸ்ஆர் செய்தால் (பிட் பிட்டாக ஒப்பிட்டு, ஒத்திருந்தால் பூஜ்யமும் வேறுபட்டால் ஒன்றும் எழுதினால்) விடை பூஜ்யமாக வர வேண்டும். வராவிட்டால் கணினி டேப் லோடிங் எர்ரர் என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். பெரும்பாலானவர்கள் அந்தச் செய்தியில் சோர்ந்துவிடுகிறார்கள்; ஆனால் பூஜ்யத்துக்குப் பதிலாக என்ன வந்தது என்பதில் ஒரு துப்பு இருக்கிறது. விடை 8 என்று வைத்துக்கொள்வோம். இரும எண்ணில் அது 00001000. பழுது ஒரே ஒரு பிட்டில்தான் என்றால், ஏதோ ஒரு பைட்டின் வலப்பக்கத்திலிருந்து நான்காவது பிட் தவறாகப் படிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். எந்த பைட் என்பதைச் செக்சம் சொல்லாது. நான்காயிரம் பைட் நிரலில் நான்காயிரம் சந்தேக இடங்கள்.

அங்கே அலை வடிவத்துக்குத் திரும்ப வேண்டும். விநாடிக்கு 44,100 மாதிரிகள் எடுத்த பதிவில் பூஜ்யத்தின் முழு அலை சுமார் 21.5 மாதிரி நீளமும், ஒன்றின் அலை சுமார் 43 மாதிரி நீளமும் இருக்கும். ஆரோக்கியமான பதிவில் எல்லா அலைகளும் இந்த இரண்டு எண்களைச் சுற்றியே குவிந்திருக்கும். நான்காவது பிட்டாக வரும் அலைகளை மட்டும் அளந்துகொண்டே போனால், ஓரிடத்தில் 33 மாதிரி நீளமுள்ள ஓர் அலையும் அதையொட்டி வெறும் 10 மாதிரி நீளமுள்ள இன்னொன்றும் தென்படும். இரண்டையும் கூட்டினால் 43, அதாவது இரண்டு பூஜ்யங்களின் மொத்த நீளம். நாடாவில் காந்தப்பூச்சு தேய்ந்த ஒரு புள்ளியில் அலையின் விளிம்பு இடம் பெயர்ந்ததால் முதல் பூஜ்யம் நீண்டு ஒன்றாகத் தெரிகிறது, அடுத்தது குறுகியும் பூஜ்யமாகவே நிற்கிறது. அந்த ஒரு பிட்டைத் திருப்பினால் செக்சம் பூஜ்யமாகிறது.

இதற்கு இன்னொரு சாட்சியும் கிடைக்கலாம். ஸ்பெக்ட்ரத்தின் பேசிக் மொழி ஒவ்வோர் எண்ணையும் நிரலுக்குள் இரண்டு முறை சேமித்து வைக்கிறது: கண்ணுக்குத் தெரியும் இலக்கங்களாக ஒரு முறை, அதைத் தொடர்ந்து 14 என்ற மறைகுறியீடும், எண்ணின் மதிப்பை இரும வடிவில் தாங்கிய ஐந்து பைட்களும். நிரல் ஓடும்போது கணினி படிப்பது மறைந்திருக்கும் ஐந்து பைட்களைத்தான், இலக்கங்களை அல்ல. இலக்கம் 0-வின் குறியீடு 48. அதன் நான்காவது பிட் திரும்பினால் 56 ஆகிவிடும், அது இலக்கம் 8. ஆகவே பழுதடைந்த நிரலின் பட்டியலில் "கோ டூ 180" என்று ஒரு வரி தெரிந்து, 180 என்ற வரியே நிரலில் இல்லாமல், அதன் பின்னால் மறைந்திருக்கும் மதிப்பு 100 என்று இருந்தால், அலை சொன்னதையே இதுவும் சொல்கிறது. திருத்தாமலே வலுக்கட்டாயமாக ஏற்றி ஓடவிட்டாலும் அந்த நிரல் ஒழுங்காக ஓடும். பட்டியலில்தான் பிழையாகத் தெரியும். ஓடுகிறது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது என்பதற்கு இதைவிட நேரடியான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் இதே ஏற்பாட்டை வேண்டுமென்றே திரித்து வைத்தவர்களும் இருந்தார்கள். பட்டியலைப் பார்ப்பவருக்கு ஓர் எண்ணைக் காட்டி, மறைவில் வேறோர் எண்ணை வைத்துத் தம் நிரலைத் துருவுபவர்களைத் திசைதிருப்புவது அந்நாளில் பழகிய தந்திரம். செக்சம் சரியாக இருந்து, இரண்டு எண்கள் மட்டும் முரண்பட்டால் அது பழுதல்ல, எழுதியவரின் குறும்பு. அதில் கைவைக்கக்கூடாது. நினைவகத்தை மிச்சப்படுத்துவதற்காக எண்களை மேற்கோள்குறிக்குள் வைத்து வால் (VAL) என்ற கட்டளையால் படிக்கவைத்தவர்களும் உண்டு; அவர்களுடைய எண்களுக்கு மறைபிரதி கிடையாது, அலையை மட்டுமே நம்ப வேண்டும்.

இதனால்தான் நிரலை வெறும் எழுத்துப் பட்டியலாக மாற்றிப் பகிர்வதை நான் ஏற்பதில்லை. பட்டியல் படிக்க வசதியானது, தேடவும் வசதியானது, அதை உடன்வைப்பதில் தடையில்லை. ஆனால் அந்தப் பட்டியலை மீண்டும் நிரலாக மாற்றும்போது மறைந்திருந்த மதிப்புகள் அனைத்தும் கண்ணுக்குத் தெரியும் இலக்கங்களிலிருந்து புதிதாகக் கணக்கிடப்படும். எழுதியவரின் குறும்பு தடயமின்றி அழிந்துபோகும். முதல் வரியில் ரெம் (குறிப்பு எழுதுவதற்கான பேசிக் சொல்) என்று எழுதி, குறிப்புபோல் தோன்றும் அந்த இடத்துக்குள் இயந்திரமொழியை ஒளித்துவைத்த நிரல்களின் கதி இன்னும் மோசம். கூடுதல் கருவி எதுவும் இணைக்கப்படாத 48 கிலோபைட் கணினியில் பேசிக் நிரல் நினைவகத்தின் 23755-ஆம் முகவரியில் தொடங்கும் என்பதால், முதல் வரியின் ரெம் சொல்லுக்கு அடுத்த பைட் 23760-இல் அமையும். பலரும் அந்த முகவரியையே நேராக அழைத்தார்கள். எழுத்தாக மாற்றினால் அந்த பைட்கள் அர்த்தமற்ற குறிகளாகச் சிதறிவிடும்.

பகிர்வதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் பதிப்புரிமையோடு தொடங்கி அதோடு முடிந்துவிடுகிறது. அதற்கு முன்னால் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ஸ்பெக்ட்ரத்தில் சேவ் கட்டளை நிரலின் வரிகளை மட்டும் பதிவு செய்வதில்லை. அந்த நொடியில் மாறிகளில் (நிரல் தன் தகவல்களைப் பெயரிட்டு வைத்திருக்கும் இடங்களில்) இருந்த மதிப்புகளையும் சேர்த்தே பதிவு செய்துவிடும். முகவரிப் புத்தகம், குடும்பக் கணக்கு, மாணவர் மதிப்பெண் பட்டியல் போன்ற நிரல்களை எழுதியவர்கள் இந்த வசதியைத்தான் நம்பியிருந்தார்கள். ரன் கட்டளை மாறிகளை அழித்துவிடும் என்பதால், "ரன் கொடுக்காதீர்கள், கோ டூ 1 கொடுங்கள்" என்று அட்டையில் எழுதிவைத்திருப்பதைப் பார்க்கலாம். நிரல் இத்தனை ஆண்டுகள் கழித்து உயிர்பெறும்போது, யாரோ ஒருவருடைய நண்பர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் அதனுடன் சேர்ந்து எழுந்துவருகின்றன. தலைப்புத் தொகுதியின் கடைசி இரண்டு பைட்கள் மாறிகள் எங்கே தொடங்குகின்றன என்று சொல்லும். அந்த எண்ணையும் தொகுதியின் மொத்த நீளத்தையும் ஒப்பிட்டாலே உள்ளே எத்தனை பைட் மாறிகள் இருக்கின்றன என்பது தெரிந்துவிடும். வெளியிடுவதற்கு முன் இதைப் பார்க்காமல் விடுவது பொறுப்பின்மை. தனிப்பட்ட விவரங்கள் இருந்தால் மாறிகளை நீக்கிய பிரதியையே நான் வெளியிடுகிறேன், நீக்கியதாகக் குறிப்பிலும் எழுதுகிறேன். வெறும் அதிகபட்ச மதிப்பெண்ணும், அதை எடுத்தவர் தட்டச்சு செய்த மூன்றெழுத்தும் மட்டும் இருந்தால் தொடுவதில்லை.

பதிப்புரிமை நிலைமை தெளிவானது, ஆனால் ஆர்வலர்களுக்குப் பிடிக்காதது. பிரிட்டனில் ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும் என்பதால், 1980களில் எழுதப்பட்ட இந்த நிரல்களுள் ஏறக்குறைய எதுவும் இன்னும் பொதுவுடைமை ஆகவில்லை. யாரும் விற்பதில்லை என்பதாலோ, வெளியிட்ட நிறுவனம் மூடப்பட்டுவிட்டது என்பதாலோ உரிமை மறைந்துவிடாது. 1986-இல் சின்க்ளேரின் கணினித் தொழிலை வாங்கிய ஆம்ஸ்ட்ராட், உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, பதிப்புரிமைக் குறிப்புகளை மாற்றாமல் எமுலேட்டர்களோடு ரோமை (கணினிக்குள்ளேயே நிரந்தரமாகப் பதிந்திருக்கும் அடிப்படை நிரலை) வழங்கலாம் என்று 1999-இல் அறிவித்தது பெருந்தன்மையான செயல். அந்தச் சொல் இல்லாவிட்டால் இந்தப் பொழுதுபோக்கு முழுவதும் சந்தேக நிழலில் நடந்திருக்கும். ஆனால் அந்த அனுமதி கணினியின் ரோமுக்குத்தான், அதற்காக மற்றவர்கள் எழுதிய நிரல்களுக்கு அல்ல. வேர்ல்ட் ஆஃப் ஸ்பெக்ட்ரம் போன்ற பெரிய சேகரிப்புகள் உரிமையாளர்களைத் தேடிப்பிடித்துக் கேட்டதும், மறுத்தவர்களின் படைப்புகளை மறுக்கப்பட்டவை என்று வெளிப்படையாகக் குறித்துவைத்ததும் பின்பற்றத் தக்க வழி.

வீட்டில் எழுதப்பட்ட நிரல்களுக்கு உரிமையாளரைக் கண்டுபிடிப்பது பல வேளைகளில் எளிது, ஏனென்றால் கேசட்டைக் கொடுப்பவரே எழுதியவராக இருப்பார். அவரிடம் நான் பொத்தாம்பொதுவாக "வெளியிடலாமா" என்று கேட்பதில்லை. நிரலைப் பிறர் படியெடுக்கலாமா, மாற்றலாமா, விற்பனைக்கான தொகுப்பில் சேர்க்கலாமா, பெயர் போட வேண்டுமா என்று தனித்தனியாகக் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்கிறேன். கேள்விகள் மிகையாகத் தோன்றலாம். பின்னாளில் வேறொருவர் அந்த நிரலை எடுத்து ஏதாவது செய்ய நினைக்கும்போது அவருக்கு உதவுவது இந்தத் தாள்தான்.

எதிர்பாராதது, திருத்தக் கோரிக்கை. தன் பழைய நிரலை மீண்டும் பார்த்த ஒருவர், மதிப்பெண் கணக்கிடும் வரியில் தான் அன்று செய்த பிழையைத் திருத்திவிட்டுத்தான் வெளியிட வேண்டும் என்றார். பிழையோடு கூடியதுதான் அந்த நாளின் நிரல் என்று நான் வாதாடினேன். கடைசியில் இரண்டையும் வெளியிட ஒப்புக்கொண்டார்: நாடாவில் இருந்தபடி ஒன்று, அவருடைய கைத்திருத்தத்தோடு ஒன்று, எந்த வரி மாறியது என்ற குறிப்புடன்.

இன்னொருவர் விஷயத்தில் நான் வாதாடவே இல்லை. பதின்ம வயதில் எழுதிய நிரலின் நடுவில், ஒரு ரெம் வரியில், உடன் படித்த ஒருவரைப் பற்றி அவர் ஏதோ எழுதியிருந்தார். அதை எடுத்துவிடச் சொன்னார். உள்ளதை உள்ளபடி தர வேண்டும் என்ற என் கொள்கையைவிட, எழுதாமல் இருந்திருக்கலாம் என்று எழுதியவரே நினைக்கும் ஒரு வரியைத் திரும்பப் பெறும் உரிமை பெரியது. வரியை முழுவதுமாக நீக்கினால் அதற்குப் பின்னால் உள்ளவை அனைத்தும் முகவரி மாறி முன்னால் நகர்ந்துவிடும் என்பதால், ரெம்முக்கு அடுத்திருந்த எழுத்துகளை மட்டும் அதே எண்ணிக்கையிலான வெற்றிடங்களாக மாற்றி, செக்சம் பைட்டைப் புதிதாகக் கணக்கிட்டேன். ஒலிப்பதிவை அவரிடமே ஒப்படைத்துவிட்டேன். கோப்புடன் உள்ள குறிப்பில், ஒரு ரெம் வரியின் உள்ளடக்கம் ஆசிரியரின் விருப்பப்படி வெற்றிடமாக்கப்பட்டது, செக்சம் அதற்கேற்ப மாற்றப்பட்டது, மற்ற பைட்கள் அனைத்தும் நாடாவில் இருந்தவை என்று எழுதியிருக்கிறேன்.